நூலகருக்கான நூலறிமுகக் குறிப்பு: பாயிர மரபின் வழி ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக வெளிவரும் நூல்களைப் பற்றிய செய்தி பொது நூலகரை எவ்வடிவில் வந்தடைகிறது, அச்செய்தியைக் கொண்டு அவர் ஒரு நூலைத் தெரிந்து தம் வாசகருக்குப் பரிந்துரைக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் நூற்பட்டியலும் நூல் மதிப்புரையும் நெடிய வரலாறு உடையவை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், நூலகரை முன்னிறுத்தி எழுதப்படும் சுருக்கமான அறிமுகக் குறிப்பு தனியொரு வகையாக நிலைபெறவில்லை. அமெரிக்க நூலக இதழ்கள் இவ்வகையை வளர்த்த முறை இங்கு ஒப்புநோக்கப்படுகிறது. நன்னூல் கூறும் சிறப்புப் பாயிரத்தின் எண்பொருள் இக்குறிப்பிற்கு இலக்கணம் வகுத்துக்கொள்ளத் துணைபுரியும் என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: நூல் தேர்வு, நூலறிமுகக் குறிப்பு, மதிப்புரை, நூற்பட்டியல், சிறப்புப் பாயிரம், பொது நூலகம், ரங்கநாதன்

1. முன்னுரை

நூல் ஒன்று அச்சேறி வெளிவருவதாலேயே அது வாசகரைச் சென்றடைந்துவிடுவதில்லை. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே பதிப்பாளர், விற்பனையாளர், மதிப்புரையாளர், நூலகர் எனப் பலர் நிற்கின்றனர். இவர்களுள் நூலகரின் நிலை தனித்தன்மை உடையது. அவர் தமக்காக நூலைத் தெரிவதில்லை. தாம் நன்கறிந்த, ஆனால் ஒருவரோடொருவர் ஒவ்வாத விருப்பங்களையுடைய பலருக்காகத் தெரிகிறார். தம் பணத்தைக் கொண்டு வாங்குவதில்லை. பொதுப்பணத்தைக் கொண்டு வாங்குகிறார். அவர் பிழைபடத் தெரிந்த நூல் அடுக்கில் பல்லாண்டு தூசு படிந்து நிற்கும்; தெரியாமல் விட்ட நூலோ அவ்வூர் வாசகருக்கு இல்லாத நூலாகவே ஆகிவிடும்.

மாநகர வாசகருக்குப் புத்தகக் கடைகள் உள்ளன. எந்நூலையும் புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு உள்ளது. ஊர்ப்புற நூலகத்தை நம்பியிருக்கும் வாசகருக்கு அந்த அடுக்கில் இருப்பதே தமிழ் நூலுலகம். ஆகவே நூலகரைச் சென்றடையும் நூற்செய்தியின் தரம் என்பது நூலகப் பணி சார்ந்த சிறு நுட்பம் மட்டுமன்று. யார் எதைப் படிக்கலாம் என்பதை அறுதியிடும் காரணிகளுள் ஒன்று. தமிழ் நூல் வரலாற்று ஆய்வுகள் பதிப்பையும் புரவலர் மரபையும் வாசகர் பெருக்கத்தையும் விரிவாகப் பேசியுள்ளன. நூலகரை நோக்கிய நூற்செய்தி என்னும் இக்கண்ணி அவ்வளவாகக் கருதப்பெறவில்லை. அதனை நிரப்பும் சிறு முயற்சி இது.

2. நூல் தேர்வும் ரங்கநாதன் விதிகளும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924ஆம் ஆண்டு பொறுப்பேற்ற சீர்காழி சீ. இரா. ரங்கநாதன், சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக 1931ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் காலத்தைப் பேணுதல் நான்காவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. பின்னர் 1952ஆம் ஆண்டு நூல் தேர்வைப் பற்றியே தனி நூல் ஒன்றையும் அவர் எழுதினார்.

இவ்விதிகளுள் இரண்டாவதும் மூன்றாவதும் நூல் தேர்வோடு நேர்த்தொடர்பு உடையவை. இரண்டாம் விதி வாசகரிடமிருந்து தொடங்கி நூலை நோக்கிச் செல்கிறது. அதனை நிறைவேற்ற நூலகர் தம் வாசகரை அறிந்தால் போதுமானது எனத் தோன்றும். மூன்றாம் விதியோ நூலிலிருந்து தொடங்கி வாசகரை நோக்கிச் செல்கிறது. யாரும் கேட்டு வராத, பெயர் அறியப்படாத ஒரு நூலுக்கு இவ்வூரில் யார் வாசகராகக்கூடும் என்று கேட்கிறது. அந்நூலின் உள்ளியல்பை முன்கூட்டி அறியாமல் இவ்வினாவிற்கு விடை காண இயலாது. வெளிவரும் நூல் ஒவ்வொன்றையும் நூலகர் தாமே படித்தறிதல் ஆகாத செயல். ஆகவே நம்பத்தகுந்த பிறர் படித்துச் சொல்லும் குறிப்பு அவருக்கு இன்றியமையாததாகிறது.

தமிழகப் பொது நூலகங்களின் அமைப்பு இத்தேவையை மேலும் கூர்மைப்படுத்துகிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் தோன்றிய முன்னோடிச் சட்டமாகும். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி பெறவும், நூலக ஆணைக்குழுக்கள் அமையவும் அது வழிவகுத்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் படிநிலையாக விரிந்த இவ்வமைப்பிற்கு நூல்கள் பெரும்பாலும் மொத்தக் கொள்முதல் வழியே வந்து சேர்கின்றன. பதிப்பாளர் தம் நூல்களை விண்ணப்பத்தோடு அனுப்ப, தேர்வுக்குழு தெரிந்தெடுக்க, நூலகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் முறை நெடுங்காலமாக நிலவி வருவது. வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்து, இணையவழி விண்ணப்ப முறைக்கு வழிசெய்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. எனினும் எந்த வாயில் வழியாக நூல் வந்தாலும், அந்நூல் எத்தகையது, எவ்வாசகருக்கு உரியது என்னும் வினா அப்படியே நிற்கிறது. விண்ணப்பம் நூலின் இருப்பைத் தெரிவிக்கும். அதன் பொருத்தத்தைத் தெரிவிக்காது.

3. தமிழில் நூற்செய்தி: மூன்று வடிவங்கள்

தமிழில் புதிய நூல்களைப் பற்றிய செய்தி மூன்று வடிவங்களில் வழங்கி வந்துள்ளது. அவை நூற்பட்டியல், மதிப்புரை, பதிப்பாளர் விளம்பரம் என்பனவாம்.

3.1 நூற்பட்டியல்

அச்சு நூல்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1867ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், பக்க எண்ணிக்கை, அளவு, பதிப்பு, படிகளின் எண்ணிக்கை, விலை முதலியன இதன்படி பதிவாகி, காலாண்டுப் பட்டியலாக அரசிதழோடு வெளியிடப்பெற்றன. இன்றைய நூல் வரலாற்று ஆய்வாளருக்கு இப்பட்டியல்கள் அரிய சான்று மூலங்கள். நூல்களைப் பொது நூலகங்களுக்கு அளித்தல் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம், வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியையும் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்பப் பதிப்பாளரைக் கடப்பாடுடையவராக்கியது. அவ்வாறு தேசிய நூலகத்திற்கு வந்த நூல்களைக் கொண்டு 1958ஆம் ஆண்டு முதல் இந்திய தேசிய நூற்பட்டியல் வெளிவரத் தொடங்கியது. அதன் பொதுப்பகுதியில் தமிழ் உள்ளிட்ட எல்லா இந்திய மொழி நூல்களின் பெயர்களும் உரோமன் எழுத்திலேயே இடம்பெற்றன. முதல் நூலாகிய 1867ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களை மட்டுமே தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. நூற்பதிவு அதன் புறத்தே நின்றுவிட்டது.

பட்டியலின் இயல்பு நிகழ்ந்ததைப் பதிதல். நூல் வெளிவந்து, ஒப்படைக்கப்பட்டு, பகுக்கப்பட்ட பின்னரே அது பட்டியலில் ஏறும். வாங்குவதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய நூலகருக்கு அது காலங்கடந்து வருவது. மேலும், பட்டியல் எந்நூலையும் ஒரே நிறையில் வைத்து நோக்கும். அதன் நேர்மையும் அதுவே. அதன் வரம்பும் அதுவே.

பட்டியலுக்கு உள்ளேயே விளக்கக் குறிப்பைப் புகுத்திய முன்மாதிரி ஒன்று தமிழில் உண்டு. ஜான் மர்டாக் தொகுத்து 1865ஆம் ஆண்டு சென்னையில் வெளியான தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியல், நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்ததோடு அறிமுக உரைகளையும் கொண்டிருந்தது. மர்டாக்கின் நோக்கம் சமயப் பரப்புரை சார்ந்தது. தமிழ் நூல்கள் பற்றிய அவர் முடிபுகள் அந்நோக்கத்தின் சாயல் படிந்தவை. ஆயினும் நூற்பெயரோடு நில்லாது, அந்நூல் எத்தகையது என்று அயலார்க்கு விளங்கச் சொல்ல முனைந்த வகையில் அப்பட்டியல் கருதத்தக்கது.

3.2 மதிப்புரை

1902ஆம் ஆண்டு தோன்றிய ‘செந்தமிழ்’ தொடங்கி இன்றைய சிற்றிதழ்கள் ஈறாகத் தமிழ் இதழ்களில் நூல் மதிப்புரை இடம்பெற்று வருகிறது. புலமை இதழ்களில் பாடவேறுபாடும் உரைநயமும் பேசப்பட்டன; இலக்கிய இதழ்களில் படைப்பின் தரம் விவாதிக்கப்பட்டது. க. நா. சுப்ரமண்யத்தின் ‘படித்திருக்கிறீர்களா?’ போன்ற நூல்கள் பரிந்துரையையே இலக்கியப் பணியாக மேற்கொண்டவை. ‘உங்கள் நூலகம்’, ‘புத்தகம் பேசுது’ ஆகிய மாத இதழ்கள் நூல்களையே பொருளாகக் கொண்டு வெளிவருகின்றன.

மதிப்புரை நூலகருக்குப் பயன்படாது என்பதன்று நம் கருத்து. ஆனால் அது வேறொருவரை நோக்கிப் பேசுகிறது. நூலின் தகுதியை இலக்கியச் சூழலுக்குள் நிறுவுவது மதிப்புரையாளரின் நோக்கம். அதற்கு விரிவு வேண்டும், காலம் வேண்டும், வாதம் வேண்டும். ஆகவே சில நூல்களே மதிப்புரை பெறுகின்றன. எஞ்சியவை ‘வரப்பெற்றோம்’ என்னும் தலைப்பின் கீழ்ப் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை என்னும் நான்கு விவரங்களோடு அடங்கிவிடுகின்றன. ஒரு நூலுக்கு மூன்று பக்கம், மற்றொரு நூலுக்கு ஒரு வரி என்னும் இவ்விடைவெளியில்தான் நூலகரின் தேவை உள்ளது.

3.3 பதிப்பாளர் விளம்பரம்

பதிப்பாளர் தரும் விலைப்பட்டியலும் பின்னட்டைக் குறிப்பும் மூன்றாவது வடிவம். செய்தி விரைவில் கிடைப்பது இவற்றின் நன்மை. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே தமிழ் நூல்களுள் பெரும் பகுதி வெளியிடப்படுவதால், பொங்கலைச் சூழ்ந்த சில வாரங்களில் இச்செய்தி வெள்ளமெனப் பெருகும். அவ்வெள்ளத்தில் எந்நூலும் சிறந்த நூலே. விற்போர் தம் பொருளைப் புகழ்தல் இயல்பு. அப்புகழ்ச்சியை மட்டுமே நம்பித் தெரிதல் நூலகருக்குத் தகாது. விளம்பரத்திற்குப் பொருள் செலவிட இயலாத சிறு பதிப்பகத்தின் நல்ல நூல் இதில் முதலில் மறைந்துபோகும்.

4. அமெரிக்க நூலக இதழ்கள் காட்டும் நெறி

இவ்விடைவெளியை அமெரிக்க நூலகத்துறை எதிர்கொண்ட முறை ஒப்புநோக்கற்குரியது. பிரெடரிக் லேபோல்ட் 1872ஆம் ஆண்டு தொடங்கிய ‘பப்ளிஷர்ஸ் வீக்லி’ நூல் வணிகத்தாருக்கான செய்தி இதழ். நான்கே ஆண்டுகளில், 1876இல், மெல்வில் டூயியோடு இணைந்து அவர் தொடங்கிய ‘லைப்ரரி ஜர்னல்’ நூலகரை நோக்கியது. அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டே. வணிகருக்கான செய்தியும் நூலகருக்கான செய்தியும் ஒன்றல்ல என்னும் உணர்வு இப்பிரிவில் வெளிப்படுகிறது.

அச்சங்கம் 1905ஆம் ஆண்டு தொடங்கிய ‘புக்லிஸ்ட்’ ஒரு தெளிவான நெறியைக் கைக்கொண்டது. நூலகங்கள் வாங்கத்தக்கவை எனக் கருதிய நூல்களையே அது குறிப்பிடும், இடம்பெறுதலே பரிந்துரையாகும். வர்ஜீனியா கிர்கஸ் 1933ஆம் ஆண்டு தொடங்கிய சேவையோ அச்சுப்படிகளை முன்னரே பெற்று, நூல் வெளிவருமுன் மதிப்பீட்டைத் தந்தது. நிறையோடு குறையையும் ஒளிக்காமல் உரைத்தது. ‘லைப்ரரி ஜர்னல்’ குறிப்புகளைப் பெரும்பாலும் பணியிலுள்ள நூலகர்களே எழுதுகின்றனர். எத்தகைய நூலகத்திற்கு, எத்தகைய வாசகருக்கு அந்நூல் பொருந்தும் என்னும் முடிவுரையோடு அவை நிறைவுறும்.

இம்மூன்று இதழ்களையும் ஒருசேர நோக்கின், நூலகருக்கான குறிப்பின் இயல்புகள் நான்கு எனலாம். அது சுருக்கமானது, உரிய காலத்தில் வருவது, விற்பனையில் பங்கில்லாதவரால் எழுதப்படுவது, வாசகர் வகையைச் சுட்டி முடிவு கூறுவது. இம்முறைக்கும் குறைகள் உண்டு. அச்சுப்படியை முன்கூட்டி அனுப்பும் வசதியுடைய பெரும் பதிப்பகங்களுக்கே அது இசைவானது. இதழ்கள் பதிப்பகங்களின் விளம்பரத்தையும் சார்ந்து நிற்பவை. ஆகவே அதனை அப்படியே தமிழ்ச் சூழலுக்குப் பெயர்த்தல் பொருந்தாது. தமிழ் நூல் மரபிற்குள்ளேயே இதற்கு இடமுண்டா என்று காணல் தகும்.

5. சிறப்புப் பாயிரத்தின் எண்பொருள்

நூலைக் கற்கப் புகுவோனுக்கு அந்நூலின் இயல்பை முன்னரே அறிவித்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் இலக்கண மரபில் ஆழ வேரூன்றியது. அவ்வறிவிப்பே பாயிரம். பவணந்தியார் அதனைப் பொது, சிறப்பு என இரண்டாகப் பகுத்து, சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகள் எட்டு என வரையறுத்தார். நூலின் பெயரும் அதனை இயற்றியவர் பெயரும் இவற்றுள் இரண்டு. நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, அதன் யாப்பு, எடுத்துரைக்கும் பொருள், கேட்டற்குரியோர், கற்பதால் எய்தும் பயன் என்பன ஏனைய ஆறு. காலம், அரங்கேறிய களம், இயற்றிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று எனக் கொள்வாரும் உண்டு என்றும் அவர் சுட்டினார். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் அளித்த பாயிரத்தில், தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லை, முந்துநூல் வழி, அரங்கேறிய அவை எனப் பலவும் அமைந்திருத்தலைக் காணலாம்.

இவ்வெட்டையும் இன்றைய நூலகரின் வினாக்களோடு பொருத்திக் காண்பது பயன்தரும். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் எல்லாப் பட்டியல்களிலும் உள்ளவை. நுதலிய பொருள் நூலகத்தில் பகுப்பெண்ணாக மாறி அடுக்கில் நூலின் இடத்தை அறுதியிடுகிறது. இம்மூன்றோடு பட்டியல் நின்றுவிடும். எஞ்சிய ஐந்துமே அறிமுகக் குறிப்பின் களம்.

வழி என்பது முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா என்னும் வினா. இன்றைய நிலையில் இது மூலமா, மொழிபெயர்ப்பா, தழுவலா, சுருக்கமா, முன்னரே வெளிவந்த கட்டுரைகளின் தொகுப்பா என விரியும். மொழிபெயர்ப்பாயின் மூலமொழியிலிருந்து நேரே வந்ததா, ஆங்கிலத்தின் வழி வந்ததா என்பதும் இதனுள் அடங்கும். வி. ச. காண்டேகரின் நாவல்களைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்தே தமிழாக்கினார் என்பது அவற்றைப் பரிந்துரைக்கும் நூலகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. பழைய கட்டுரைகளே புதிய பெயரில் தொகுப்பாக வரும்போது, அதனைப் புதுநூல் எனக் கருதி வாங்குவதையும் இவ்வறிவு தடுக்கும்.

எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. வட்டார வழக்கில் அமைந்த படைப்புகளுக்கு இது இன்றும் நேர்ப்பொருளிலேயே பொருந்தும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ கரிசல் நிலத்து வாசகருக்குத் தம் வீட்டு மொழி. கொங்கு நாட்டு வாசகருக்குச் சில சொற்கள் புதியன. அவரே தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் உடனிருப்பின் அவ்வெல்லை தடையாகாது. இதனைக் குறிப்பிடுவது நூலகருக்குச் செய்யும் உதவி.

யாப்பு என்பதற்கு இங்குச் செய்யுள் அமைப்பு என்று பொருள் கொள்வதில்லை. இந்நூல் எந்நூலின் பின் கற்கத்தகும் என்னும் இயைபே யாப்பு என உரையாசிரியர் விளக்குவர். வாசகருக்குப் பரிந்துரை செய்யும் கலை முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்குகிறது. ஒரு நூலைத் திருப்பித் தரவரும் வாசகர் நூலகரிடம் கேட்பது ‘அடுத்து எதைப் படிக்கலாம்?’ என்பதே. அதற்கான விடை எந்தப் பட்டியலிலும் இல்லை. நூலகரின் நினைவில் மட்டுமே உள்ளது. அவர் மாறுதல் பெற்றுச் சென்றால் அதுவும் அவரோடு சென்றுவிடும். நூல்களுக்கிடையேயான இயைபை எழுத்தில் பதிதல் அறிமுகக் குறிப்பின் தலையாய கடன்.

கேட்போர் என்பது வாசகர் வகை. பள்ளி மாணவர், போட்டித் தேர்வுக்குப் படிப்போர், உழவர், முதியோர், ஆய்வாளர் என நூலகம் பலரைக் கொண்டது. ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்னும் தொடர் இவ்வினாவிற்கு விடையாகாது, விடையைத் தவிர்ப்பதாகும். பயன் என்பது அவ்வாசகர் பெறுவது. அது அறிவாகலாம், தொழில் நுட்பமாகலாம், இன்பமாகலாம். இன்பமும் பயனே என்பதை நூலகர் மறத்தல் ஆகாது.

பாயிரத்தை யார் உரைப்பது என்பதற்கும் நன்னூல் வரையறை தருகிறது. நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோரே அதற்குரியர். நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது. நூலை விற்போரும் எழுதியோரும் தரும் செய்திக்கு அப்பால் பிறிதொரு குரல் வேண்டும் என்னும் நெறி இதில் உள்ளடங்கியிருக்கிறது. பாயிரத்தின் பல பெயர்களுள் ஒன்றாகிய அணிந்துரை, இன்று நூலாசிரியரின் அழைப்பின் பேரில் எழுதப்படும் பாராட்டுரையாகச் சுருங்கிவிட்டது. பெயர் நிலைத்தது, எண்பொருளை உணர்த்தும் கடன் நெகிழ்ந்தது.

6. பாயிரம் கூறாதவை

இவ்வொப்புமையை எல்லைமீறி வலியுறுத்துதல் கூடாது. பாயிரம் நூலோடு சேர்ந்தே வழங்குவது. நூலைக் கையில் எடுத்தவருக்கே பயன்படுவது. நூலகருக்கான குறிப்போ நூலுக்கு முன்னரே வந்து சேர வேண்டியது. அன்றியும் பாயிரம் நூலின் குறையைக் கூறுவதில்லை. பொதுப்பணத்தைச் செலவிடுவோருக்கு நிறையோடு குறையும் தெரிதல் வேண்டும்.

அச்சுக் காலத்திற்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. அது பதிப்பு. ஓலைச்சுவடிக் காலத்தில் பாடவேறுபாடு இருந்தது; இன்று ஒரே நூலுக்குப் பல பதிப்பகத்தார் ஒரே நேரத்தில் பல பதிப்புகளை வெளியிடுகின்றனர். காப்புரிமைக் காலம் கடந்த நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும் இவ்வகையின. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இதற்குத் தக்க சான்று. ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’, ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாகச் சிகரம்’ என ஐந்து பாகங்களாக அமைந்த அந்நாவல் தனித்தனித் தொகுதிகளாகவும், ஒரே கட்டாகவும், சுருக்கப் பதிப்பாகவும் கிடைக்கிறது. மூன்றாம் பாகத்தைப் படித்து முடித்த வாசகர் நான்காம் பாகம் நூலகத்தில் இல்லை என்று அறியும்போது அடையும் ஏமாற்றத்தை நூலகர் பலர் நேரில் கண்டிருப்பர். ஒரே கட்டான பதிப்பை ஒருவர் எடுத்துச் சென்றால் ஏனையோர் காத்திருக்க வேண்டும். தனித்தொகுதிகளாயின் ஐவர் ஒரே காலத்தில் படிக்கலாம், ஆனால் ஒன்று தொலைந்தால் தொடர் முறியும். எழுத்தின் அளவு முதிய வாசகருக்கு ஏற்றதா, கட்டுமானம் பலர் கைபட்டும் நிற்குமா என்பனவும் நூலகத்தில் இலக்கியத் தரத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கவை. மதிப்புரையாளர் இவற்றைப் பேசார், பேசவும் வேண்டியதில்லை. நூலகருக்கான குறிப்பு பேசியாக வேண்டும்.

ஆகவே பாயிரத்தின் எண்பொருளோடு பதிப்பு, புறவடிவு, குறை ஆகிய மூன்றையும் கூட்டினால் இக்குறிப்பின் இலக்கணம் நிறைவுபெறும்.

7. மாதிரிக் குறிப்பு

மேற்கூறிய இலக்கணம் நடைமுறைக்கு இயைவதா என்பதைக் காண, நன்கறியப்பட்ட ஒரு நூலுக்குக் குறிப்பு வரைந்து பார்க்கலாம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் நூலைப் பட்டியல் ஒன்று ‘நாவல், 1879, வேதநாயகம் பிள்ளை’ எனப் பதியும். இலக்கிய வரலாறு அதனைத் தமிழின் முதல் நாவல் என்று போற்றி, அதன் வடிவம் நாவலுக்குரியதா என்று வினவும். நூலகருக்கான குறிப்பு பின்வருமாறு அமையலாம்:

மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதிய இந்நாவல் 1879இல் வெளிவந்தது. பிரதாபன், ஞானாம்பாள் இருவரின் வாழ்க்கையை இழையாகக் கொண்டு, நகைச்சுவைக் கதைகளையும் அறிவுரைகளையும் கோத்துச் செல்வது. ஆண்வேடம் பூண்டு நாடாளும் ஞானாம்பாளே இதன் ஈர்ப்பு. வடசொல் மிக்க நடை தொடக்கத்தில் தயக்கம் தரும்; அறிவுரைப் பகுதிகள் நீள்வன. எனினும் கிளைக்கதைகளைத் தனித்தனியே படித்தும் சுவைக்கலாம். கல்லூரி மாணவர்க்கும் பெண்கல்வி வரலாற்றில் நாட்டமுடையோர்க்கும் உரியது. கதை கேட்கும் ஆர்வமுள்ள முதியோர்க்குப் படித்துக்காட்டவும் ஏற்றது. இதனை அடுத்து ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ ஆகியவற்றைத் தரலாம். பல பதிப்புகள் உள்ளன; சுருக்கப்படாததும் அருஞ்சொற்பொருள் உடையதுமான பதிப்பையே தெரிக. எல்லாக் கிளை நூலகங்களுக்கும் பரிந்துரைக்கத்தக்கது.

ஒரு பத்தியில் அடங்கும் இக்குறிப்பில் வழி ஒழிந்த ஏனைய பொருள்களுள் பெரும்பாலானவை இடம்பெற்றுள்ளன. மூலநூல் ஆதலின் வழி கூற வேண்டிய தேவை எழவில்லை. இலக்கியத் தகுதி பற்றிய வாதம் இதில் இல்லை. அது மதிப்புரையின் பணி. ஆனால் நூலைப் படியாத நூலகர் ஒருவர் இதனைக் கொண்டு வாங்கவும், அடுக்கவும், தக்கவர் கையில் தரவும் இயலும்.

8. குறிப்பை எழுதுவோர்

இத்தகைய குறிப்புகளை யார் எழுதுவது என்னும் வினா எஞ்சுகிறது. தமிழகப் பொது நூலகங்களில் முன்னரே உள்ள அமைப்புகள் இதற்கு இடந்தருகின்றன. நூலகங்களோடு இணைந்து இயங்கும் வாசகர் வட்டங்கள் நூல் அறிமுகக் கூட்டங்களை நடத்துகின்றன. அங்குப் பேசப்படுவது பேச்சோடு காற்றில் கரைகிறது. அதனையே மேற்கூறிய பொருள்களின்படி ஒரு பத்தியாக எழுதச் செய்தால், மாவட்ட மைய நூலகம் அவற்றைத் தொகுத்து ஏனைய நூலகங்களுக்கு அனுப்பலாம்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. முதுகலை மாணவர் பதிப்பியலும் திறனாய்வும் பயில்கின்றனர். ஒரு பருவத்தில் மாணவர் ஒவ்வொருவரும் புதிய நூல் ஒன்றனுக்கு நூலகக் குறிப்பு வரைவதைப் பயிற்சியாக மேற்கொள்ளலாம். நூலைப் பற்றித் தாம் கருதுவதைச் சொல்வதற்கும், பிறிதொருவர் அதனைக் கொண்டு செயல்படுமாறு சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பயிற்சி உணர்த்தும். இந்திய ஒப்படைப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வாராத ஈழத் தமிழ் நூல்கள், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் ஆகியவற்றுக்கு இக்குறிப்புகள் மேலும் தேவை. 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நூலகம் மின்னூலகம் ஈழத்து நூல்களை அணுகும் வாயிலைத் திறந்துள்ளது. அவற்றுள் எதனை யாருக்குத் தருவது என்று வழிகாட்டும் குறிப்பு உடன்சேரின் அவ்வாயில் மேலும் பயன்படும்.

குறிப்பெழுதுவோர் பதிப்பாளரோடு பொருள் தொடர்பு அற்றவராதலும், குறிப்பின் கீழ்த் தம் பெயரை இடுதலும் வேண்டும். பாயிரம் உரைத்தவர் பெயர் நிலைத்தமை போலக் குறிப்பெழுதியோரின் பெயரும் நிலைக்குமாயின் பொறுப்புணர்வு பெருகும். தவறான பரிந்துரையைத் திருத்தவும் வழியுண்டாகும்.

9. முடிவுரை

இவ்வாய்வின்வழி அறியப்பெறுவன வருமாறு. தமிழ் நூற்செய்தி பட்டியலாகவும் மதிப்புரையாகவும் விளம்பரமாகவும் வழங்கிவரினும், அவற்றுள் எதுவும் நூலகரின் வினாவிற்கு முழுமையாக விடையளிப்பதன்று. பட்டியல் காலத்தால் பிந்துவது. மதிப்புரை எண்ணிக்கையால் குறைவது. விளம்பரம் சார்பால் வழுவுவது. அமெரிக்க நூலக இதழ்கள் இவ்விடைவெளியை உணர்ந்து தனிவகையான குறிப்பை வளர்த்தன. அக்குறிப்பிற்குரிய பொருட்கூறுகள் பலவும் தமிழ்ப் பாயிர மரபில் முன்னரே வகுக்கப்பெற்றுள்ளன. குறிப்பாக யாப்பு, கேட்போர், பயன் என்னும் மூன்றும் இன்றைய நூற்பட்டியல்கள் கைவிட்டவை. நூலகருக்கு மிகவும் வேண்டப்படுபவை. இவற்றோடு பதிப்பு, புறவடிவு, குறை ஆகியவை சேரின், நூலறிமுகக் குறிப்பு தமிழில் தனியொரு எழுத்துவகையாக உருப்பெறும்.

ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்னும் ரங்கநாதனின் மூன்றாம் விதி, நூல்கள் தாமாகவே வாசகரைக் கண்டடையும் என்று கூறவில்லை; கண்டடையச் செய்யும் பொறுப்பை நூலகத்தின்மேல் வைக்கிறது. நூலகரால் எல்லாவற்றையும் படிக்க இயலாது. படித்தவர் எழுதிவைக்கும் ஒரு பத்தியே, சிறு பதிப்பகம் ஒன்றின் நூலையும் தொலைவூர் வாசகர் ஒருவரையும் ஒரே மேசையில் சந்திக்கச் செய்யும்.